பிள்ளைக்குப் பிணை நிற்பது யார்?

(எமது அறக்கட்டளையின் குடும்ப வழிகாட்டல் கூட்டத்தில் மூத்த குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வழக்கறிஞர்கள் தம்மை விளம்பரம் செய்துகொள்வதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. எனவே, அவர் கேட்டுக்கொண்டபடி பெயரை வெளியிடவில்லை.)





"ஒரு கிரிமினல் வக்கீலின் அனுபவங்கள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய கொலை வழக்குகள், பரபரப்பான குறுக்கு விசாரணைகள் என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். என் வாழ்க்கையில் பெரும்பகுதி அப்படிப்பட்ட வழக்குகளில் கழியவில்லை. பைக் திருட்டு, செல்போன் பறிப்பு, தெருவில் கைகலப்பு, கடையில் பணம் எடுத்தது, இப்போது சில காலமாகக் கஞ்சா. பத்திரிகையில் இரண்டு வரிக்கு மேல் வராத வழக்குகள் இவை. ஆனால் நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்களை நிலைகுலைய வைப்பவை இந்த இரண்டு வரி வழக்குகள்தான். ஆகவே அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

நான் சட்டம் படித்ததும் நேராகக் கோர்ட்டுக்கு வந்தவன் அல்ல. சமூகப்பணி படித்துவிட்டு, முதலில் ஏழு ஆண்டுகள் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தேன். 'புரொபேஷன் ஆபீசர்' என்பார்கள். அதன் பிறகுதான் வேலையை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். இன்று நான் ஒரு வழக்கை நடத்தும் முறை முழுக்க அந்த ஏழு ஆண்டுகளில் கற்றது. அதனால் அந்த வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நன்னடத்தை அலுவலர் யார்?

தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர்கள் சிறைத் துறையின் கீழ் வருகிறார்கள். அதனால் நான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், "போலீஸ் வந்திருக்கு" என்றுதான் பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள். ஆனால் போலீஸின் வேலையும் எங்கள் வேலையும் வேறு. என்ன குற்றம் நடந்தது, யார் செய்தார் என்று கண்டுபிடிப்பது போலீஸின் வேலை. செய்தவர் எப்படிப்பட்ட ஆள், எந்தச் சூழ்நிலையில் வளர்ந்தவர், சிறைக்கு அனுப்பாமல் வெளியில் விட்டால் திருந்துவாரா என்று விசாரித்து நீதிபதிக்கு எழுதிக் கொடுப்பது நன்னடத்தை அலுவலரின் வேலை. நீதிபதி அவரை நன்னடத்தைப் பிணையில் விட்டுவிட்டு, கண்காணிக்கும்படி உத்தரவும் போட்டால், அந்தக் காலம் முடியும்வரை அவரைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு.

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது தெரியுமா? சட்ட நிபுணர் யாரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியதல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்று ஒருவர் இருந்தார். காலணி தைக்கும் தொழில். 1841-இல் அவர் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தபோது, குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒரு மனிதரைக் கொண்டுவந்தார்கள். "இனிமேல் குடிக்க மாட்டேன்" என்று அந்த ஆள் சொன்னதை நம்பி, அகஸ்டஸ் தானே முன்வந்து பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதரைக் கோர்ட்டுக்கு அழைத்து வந்தபோது ஆளே மாறியிருந்தார். நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் பெயரளவுக்கு ஓர் அபராதம் போட்டு அனுப்பிவிட்டார். அகஸ்டஸ் அதோடு நிற்கவில்லை. 1859-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 1,900 பேருக்கு அவர் பிணை நின்றார். சட்டம் அதற்கெல்லாம் பின்னால்தான் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் நன்னடத்தை அலுவலரைச் சம்பளத்துக்கு நியமிக்கச் சட்டம் இயற்றியது 1878-இல்.

முதலில் வந்தது ஊரில் ஒருவர் முன்வந்து பிணை நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

நம் நாட்டில் இதற்கென்று இருப்பது 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, மற்றவற்றில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், அவரைச் சிறைக்கு அனுப்பாமல், "3 ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கு ஒழுங்காக இருப்பேன்" என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்கிறது 4-ஆம் பிரிவு. 21 வயது நிரம்பாதவர் என்றால் இன்னும் ஒரு படி மேலே போகிறது 6-ஆம் பிரிவு. அந்த வயதுக்காரர்களை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாத பட்சத்தில், சாதாரணமாகச் சிறைக்கு அனுப்பவே கூடாது. அனுப்பத்தான் வேண்டும் என்றால் நீதிபதி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். ஊழல் தடுப்புச் சட்ட வழக்கு போன்று விலக்கப்பட்டவையும் உண்டு.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிணையில் விடுவதற்கு முன், அந்த நபருக்கோ அவருக்குப் பிணை நிற்பவருக்கோ நிலையான இருப்பிடம் அல்லது முறையான தொழில் இருக்கிறதா என்று நீதிபதி பார்க்க வேண்டும். வீடு இல்லாதவன், வேலை இல்லாதவன், பிணை நிற்க ஆளில்லாதவன் என்றால், இரக்கமுள்ள நீதிபதிக்கும் கை கட்டப்பட்டுவிடும்.

இரண்டு பிள்ளைகள்

அலுவலராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம்.

இரண்டு பையன்கள். ஒருவனுக்கு 19 வயது, மற்றவனுக்கு 20. இருவரும் சேர்ந்து ஒரு பைக்கைத் திருடினார்கள். இருவருக்கும் அதுதான் முதல் வழக்கு. ஒரே குற்றப்பத்திரிகை, ஒரே சாட்சிகள், ஒரே தீர்ப்பு. இருவரும் 21-க்குக் கீழ் என்பதால் நீதிபதி இருவரைப் பற்றியும் அறிக்கை கேட்டார். நான்தான் இரண்டு வீட்டுக்கும் போனேன்.

முதல் பையனின் வீட்டில் அவனுடைய மாமு உட்கார்ந்திருந்தார். சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருப்பவர். கோபமாகத்தான் பேசினார். "சார், இவன் செஞ்சது தப்பு. பைக்கைப் பறிகொடுத்தவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன். செலவானதையும் கொடுத்துட்டேன். இனிமே காலையில ஆறு மணிக்கு என் கடையில வந்து நிக்கணும். நான் பாத்துக்கறேன், நானே கையெழுத்துப் போடுறேன்" என்றார். கடைக்கான ரசீதுகளை எடுத்துக் காட்டினார்.

இரண்டாவது பையனின் அத்தா சபுரில் இருந்தார். விஷயம் தெரிந்ததும், "எனக்கு அப்படி ஒரு மகன் இல்லை" என்று சொல்லிவிட்டாராம். அம்மா பிறந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். பெரியத்தா என்னை வாசலிலேயே நிறுத்தி, "அவன் பேரைச் சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க சார். வயசுக்கு வந்த பொண்ணுங்க இருக்கிற வீடு" என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் பேச யாரும் விடவில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பதுதான் அலுவலரின் கடமை. எழுதிக் கொடுத்தேன். மாமு பிணை நிற்க, முதல் பையன் கண்காணிப்போடு வீட்டுக்குப் போனான். இரண்டாவது பையனுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, பிணைக்கு ஆள் இல்லை என்று காரணம் பதிந்து, நீதிபதி 6 மாதம் சிறைத் தண்டனை கொடுத்தார்.

முதல் பையனைப் பற்றிச் சொல்ல இன்று எதுவும் இல்லை. அதுவே பெரிய சந்தோஷம். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் கடன் என்று நம் எல்லோரையும் போல இருக்கிறான். இரண்டாவது பையன் விடுதலையான நாளில் சிறை வாசலுக்கு அவன் வீட்டு ஆள்கள் யாரும் வரவில்லை. உள்ளே பழகியவர்களின் ஆள்கள் வந்து அழைத்துப் போனார்கள். பல ஆண்டுகள் கழித்து என் அலுவலகத்துக்கு அவன் கட்சிக்காரனாக வந்தபோது அவன்மேல் மூன்று வழக்குகள் இருந்தன. என் ஃபீஸைக் கட்டியதும் அதே ஆள்கள்தான்.

இரண்டு பேரும் செய்த குற்றம் ஒன்றுதான். வித்தியாசம், கோபத்தோடாவது பக்கத்தில் வந்து நின்ற ஒரு மாமு.

ஏன் வக்கீல் ஆனேன்?

அந்த வேலையில் எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. எங்கள் அறிக்கை கோர்ட்டுக்குப் போவது கடைசியில். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை என்ன என்று யோசிக்கும் நேரத்தில். அதற்குள் அந்தப் பையன் ரிமாண்டில் இருந்து, பள்ளிக்கூடமோ வேலையோ போய், குடும்பம் நகையை அடகு வைத்து, எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 21 வயதுக்குக் கீழே இருந்தால் நீதிபதி அறிக்கை கேட்டாக வேண்டும் என்றேன். 21-ஐத் தாண்டியவர்களுக்குச் சட்டம் சொல்வது வேறு: அறிக்கை "இருந்தால்" அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அப்படியானால், வக்கீல் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் அறிக்கையே வராது. 22 வயதில் முதல் தடவை தடுமாறியவனுக்காக, "ஐயா, நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேளுங்கள்" என்று ஒரு மனுப் போட ஆள் வேண்டும். அலுவலராக இருந்துகொண்டு நான் அந்த மனுவைப் போட முடியாது.

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்தில் வேத் பிரகாஷ் என்பவரின் வழக்கில் இதைத்தான் குறையாகச் சொன்னார். தண்டனை விதிப்பதற்கு முன் அந்த மனிதரின் பின்னணியைத் திரட்டித் தருவதில் வக்கீல்கள் உதவவில்லை என்றாலும், நீதிபதிகள் தாமாகவே அந்தக் கடமையைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கருத்து. அதைப் படித்தபோது, உதவாத வக்கீல்களின் இடத்தில் உதவுகிற ஒரு வக்கீலாவது போய் உட்காரலாமே என்று எனக்குத் தோன்றியது. வேலையை விட்டேன்.

இன்றைக்கும் என்னிடம் ஒரு குடும்பம் வந்தால், நான் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கும் அதே நேரத்தில் அந்தப் பழைய கேள்விகளையும் கேட்டுவிடுவேன். பையன் எதுவரை படித்தான்? எப்போது நின்றான், ஏன் நின்றான்? ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான்? யாரோடு திரிகிறான்? மனநலத்துக்கு ஏதாவது வைத்தியம் நடந்ததா? வீட்டில் அவன் சொல் கேட்கும் ஆள் யார்? யார் அவனை வேலைக்கு வைத்துக்கொள்வார்? குற்றப்பத்திரிகை அவன் வாழ்க்கையில் ஒரு நாளைப் பற்றிச் சொல்லும். மீதி நாள்களைப் பற்றிச் சொல்லப்போவது யார் என்று முதல் நாளே தேடத் தொடங்கிவிடுவேன். ஜாமீன் மனுவுக்கும் அது உதவும், தண்டனை நேரத்துக்கும் உதவும்.

"குற்றம் செய்தவனுக்காக ஏன் வாதாடுகிறீர்கள்?" என்று உறவினர்களே என்னைக் கேட்டதுண்டு. எனக்கு வருகிற எல்லோரும் குற்றம் செய்தவர்கள் அல்ல. செய்யாதவர்மேல் வழக்கு வந்தால் கடைசிவரை போராட வேண்டும். அங்கே நன்னடத்தைப் பிணை என்ற பேச்சுக்கே இடமில்லை. செய்தவர் என்றால், செய்ததற்கு எவ்வளவு தண்டனையோ அவ்வளவோடு நிற்க வேண்டும். 6 மாதத் தண்டனை ஆயுள் முழுவதும் தொடரக் கூடாது. பாதிக்கப்பட்டவரையும் நான் மறப்பதில்லை. பிணையில் விடும்போதே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவிட அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவருடைய பொருளைத் திருப்பித் தருவது, போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்பது என்பதெல்லாம் திருந்துவதன் முதல் படி. ஆனால் இதை வக்கீலிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வழக்கு நடக்கும்போது சாட்சியைத் தனியாகச் சந்திப்பது புது வழக்குக்கு இடம் கொடுத்துவிடும்.

குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

இப்போது தாய்மார்களும் தகப்பன்மார்களும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, கைது என்றதும் பதற வேண்டாம். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. கைது அவசியம் இல்லாத வழக்குகளில் நேரில் வரும்படி நோட்டீஸ் கொடுப்பார்கள். புதிய சட்டத்தில் அது 35(3)-ஆம் பிரிவு. அந்த நோட்டீஸ் வந்தால் ஒளியாதீர்கள். சொன்ன நாளில் வக்கீலிடம் கலந்துகொண்டு போய் நில்லுங்கள். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

இரண்டாவது, வயது. 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். அங்கேயும் நன்னடத்தை அலுவலர் இருப்பார். இரண்டு வாரத்துக்குள் குடும்பச் சூழல் பற்றி அறிக்கை கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் அவரை எதிரியாக நினைக்காதீர்கள். உட்கார வைத்து உண்மையைச் சொல்லுங்கள். வயதைக் காட்டப் பள்ளிச் சான்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது இல்லாதபோது நகராட்சி, ஊராட்சிப் பிறப்புச் சான்று. அதுவும் இல்லையென்றால்தான் மருத்துவப் பரிசோதனை. நம் வீடுகளில் பள்ளியில் ஒரு தேதியும் பிறப்புச் சான்றில் ஒரு தேதியும் இருப்பது சாதாரணமாகிவிட்டது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டையும் எடுத்து ஒத்துப் பாருங்கள்.

மூன்றாவது, "தப்பை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடு, அதோட முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், சட்டத்தின் கண்ணில் அவன் தண்டிக்கப்பட்டவன். நாளைக்கு அரசு வேலைக்கு மனுப் போடும்போது அந்தக் கேள்வி வரும். மறைத்தால் அது தனிக் குற்றச்சாட்டாகும். நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர்மேல் துறை நடவடிக்கை வருவதை மட்டும் அந்தப் பிரிவு தடுக்காது. எனவே எந்த வழியில் வழக்கை முடிப்பது என்பதை வக்கீலிடம் விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நான்காவது, சபுர் போகிறவர்களுக்கு. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் தர மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கிப் போகும் வழியும் இருக்கிறது. வழக்கை மறைத்துவிட்டு விமானம் ஏறினால் பிடிவாரண்டு வரும். அடுத்த விடுமுறைக்கு வருகிறபோது விமான நிலையத்திலேயே சிக்கல் காத்திருக்கலாம். ஏஜெண்டுகள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

ஐந்தாவது, கஞ்சா. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை பெற்றவர் 18 வயதைத் தாண்டியவராக இருந்தால், நான் இதுவரை சொன்ன நன்னடத்தைப் பிணை பெரும்பாலும் கிடைக்காது. உபயோகித்ததற்கான பிரிவு போன்ற ஓரிரு விலக்குகள்தான் உண்டு. "அவன் வெறும் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான், அவ்வளவுதான்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அந்தச் சட்டத்தில் பெரிய குற்றம். பழக்கத்துக்கு ஆளான பிள்ளை என்று தெரிந்தால், வழக்கு வருவதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேருங்கள். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு அந்தச் சட்டமே சில பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது.

ஆறாவது, வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் கைவிட வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். ஸ்டேஷன் வாசலில் நின்று "நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்பவரிடம் நகையை விற்ற காசைக் கொடுக்காதீர்கள்.

ஏழாவது, வாட்ஸ்அப். ஒரு பிள்ளை பிடிபட்டால், அவன் படத்தோடும் அத்தா பேரோடும் மஹல்லா குரூப்பில் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது. 18 வயதுக்குக் கீழான பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம்வரை சிறை, 2 லட்ச ரூபாய்வரை அபராதம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். குழுமம் அந்தப் பிள்ளையின் பெயரை ரகசியமாக வைத்திருக்கிறது. காலப்போக்கில் பதிவுகளையும் அழிக்கச் சொல்கிறது சட்டம். நாம் அனுப்பிய படத்தை யார் அழிப்பார்கள்?

ஜமாஅத்திடம் ஒரு வேண்டுகோள்

கடைசியாக ஜமாஅத் பெரியவர்களுக்கும் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்.

நன்னடத்தைப் பிணை ஆகட்டும், சாதாரண ஜாமீன் ஆகட்டும், இரண்டிலும் நம் பிள்ளைகள் சிக்கி நிற்கும் இடம் ஒன்றுதான்: பிணையாளர். கோர்ட்டில் ஜாமீன் உத்தரவு வந்த பிறகும், கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நேரத்தில் குடும்பத்தார் கூலிக்கு வரும் ஜாமீன்தாரரைத் தேடிப் போகிறார்கள். அவர் பொய்யான ஆவணம் கொடுத்தால் வேறு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு முதலியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒழுக்கத்துக்குப் பேர்போன பத்துப் பேர் ஒரு மஹல்லாவில் முன்வந்தால் போதும். எல்லோருக்கும் பிணை நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. விசாரித்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, அந்தப் பையனை உட்கார வைத்துப் பேசி, அவன் சொல் கேட்கும் ஆள் ஒருவரைப் பொறுப்பாக்கி, அதன் பிறகு நில்லுங்கள். நன்னடத்தை அலுவலராக நான் சம்பளத்துக்குச் செய்த வேலை இதுதான். வேண்டாம் என்று தோன்றினால் மறுத்துவிடுங்கள். நானும் சில பேரை வெளியில் விட வேண்டாம் என்று அறிக்கை எழுதியிருக்கிறேன். திருடக் கற்றுக் கொடுத்ததே வீடுதான் என்று தெரிந்தபோது, அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று எப்படி எழுதுவது? ஆனால் விசாரிக்காமலேயே "நம் பிள்ளை இல்லை" என்று கதவைச் சாத்தாதீர்கள்.

அதோடு கடை, பட்டறை, மில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. "இவரை வேலைக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று உங்கள் லெட்டர்பேடில் எழுதித் தரும் நாலு வரி, நான் அரை மணி நேரம் வாதாடுவதைவிடக் கோர்ட்டில் எடை கூடியது. எழுதிக் கொடுத்தால் நிஜமாகவே வேலை கொடுக்க வேண்டும். அலுவலர் வந்து பார்ப்பார். ஆறு மாதம், ஒரு வருஷம் அவன் ஒழுங்காக நேரத்துக்கு வந்து நின்றுவிட்டால், பிறகு அவனைக் கண்காணிக்க ஆளே தேவைப்படாது.

"மானம் போய்விட்டது" என்று அழும் குடும்பங்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அவன் பிடிபட்ட அன்றைக்குப் போனது போகட்டும். அவன் சிறையிலிருந்து வரும்போது வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் நிற்காத இடத்தில் வேறு யாரோ வந்து நிற்பார்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்துக்குள் இந்த மஹல்லாவில் பிணையாளர் பட்டியல் ஒன்று தயாராகட்டும். எப்படி விசாரிப்பது, என்ன கேட்பது என்று சொல்லித்தர நான் வருகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. வழி தவறியவர்கள் திரும்பி வர நம் கதவுகளைத் திறந்து வைப்பானாக.

வஸ்ஸலாம்.